பெயர், பஸ், முதல் மாதச் சம்பளம்: பயிற்சிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. குடியாத்தம் பக்கம் மகளிர் குழு நடத்தும் ஒருவர், தன் தெருவில் வேலையில்லாமல் இருப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பீடி சுற்றியே முப்பத்தாறு வயதாகிவிட்ட, கணவர் விட்டுப்போன ஒரு பெண். பத்தாவதில் கணக்கில் கோட்டைவிட்ட இருபத்தொரு வயதுப் பையன். போலியோவால் ஒரு கால் சூம்பிய பி.காம். பட்டதாரி. வேலூர் மத்தியச் சிறையிலிருந்து திரும்பிய ஒருவர். செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு வெளியே வர முடியாத ஒரு தம்பதி. "இவர்களுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?" என்கிறார்.

பயிற்சியிலிருந்து தொடங்காதீர்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று மூன்று பக்கமும் ஆலைகள் உள்ள ஊரில், ஆள் வேண்டாம் என்று யாரும் வாசலில் எழுதி வைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் ஒருவர் வேலையில் சேராமல் போவதற்கும், சேர்ந்து இருபதே நாளில் நின்றுவிடுவதற்கும் பெரும்பாலும் கைத்திறன் காரணமாக இருப்பதில்லை. காகிதத்தில் பெயர் ஒத்துவராது; பஸ் நேரம் ஒத்துவராது; முதல் சம்பளம் கைக்கு வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. இவற்றைச் சரிசெய்யாமல் மூன்று மாதப் பயிற்சி கொடுத்தால் சுவரில் மாட்ட ஒரு சான்றிதழ் கிடைக்கும், அவ்வளவுதான்.

முதலில் காகிதம். ஒரு மதியம் ஒதுக்கி, ஒவ்வொருவரிடமும் இருக்கிற அத்தனை காகிதத்தையும் பாயில் பரப்பச் சொல்லுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை, பள்ளி மாற்றுச் சான்று, பீடி அட்டை, முன்பு எங்காவது வேலை செய்திருந்தால் அந்த பி.எஃப். எண். பெயரை மட்டும் வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிச் சான்றில் அப்பா இனிஷியலோடு "எம். லக்ஷ்மி", ஆதாரில் வெறும் "லட்சுமி", வங்கியில் கணவர் பெயரை ஒட்டி "லட்சுமி குமார்", பீடி அட்டையில் "கே. லட்சுமி" என்று ஒரே ஆள் நாலு பேராக நிற்பார். தெருவில் இது யாருக்கும் குழப்பமில்லை, பி.எஃப். கணினிக்கு இவர்கள் நாலு வேறு மனுஷிகள்.

எதைத் திருத்துவது, எதை விடுவது? பள்ளிச் சான்று இருப்பவருக்கு அதுதான் அடிப்படை. ஆதாரை அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். பள்ளிக்கே போகாதவருக்கு ஆதாரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு இழுங்கள். இதில் அவசரம் கூடாது. ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே ஒரு முறை. சான்று இல்லாமல் பதிந்தபோது பலருக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். அதைத் திருத்தப் போய், "வயசைக் கொஞ்சம் குறைச்சுப் போடட்டுமா?" என்று கேட்கும் இடத்தில் தலையாட்டிவிட்டால், பிறகு அசல் சான்று கிடைத்தாலும் அந்த ஒரு வாய்ப்பு போயே போய்விடும்.

ஆதாரோடு இணைந்த செல்போன் எண்ணையும் பாருங்கள். கணவர் விட்டுப்போன பெண்களில் பலருக்கு அந்த எண் இன்னும் கணவரின் பாக்கெட்டில்தான் இருக்கும். ஓ.டி.பி. அவருக்குப் போகும், இவருடைய கணக்கு இங்கே நிற்கும். எண்ணை மாற்ற எந்தச் சான்றும் வேண்டாம், ஆள் நேரில் ஆதார் மையத்துக்குப் போனால் போதும். அப்படியே கைரேகையையும் புதுப்பித்துவிடுங்கள். வருடக்கணக்காக இலை வெட்டி, தூள் தேய்த்து, சுண்ணாம்பிலும் தோலிலும் புழங்கிய விரலில் ரேகை மங்கியிருக்கும். ஆலை வாசலில் இயந்திரம் "பதிவாகவில்லை" என்று சொன்னால் அன்றைய வருகையே எழுதப்படாமல் போகலாம். சேரும்போதே இரண்டு மூன்று விரல்களைப் பதியச் சொல்லுங்கள். முகப்பதிவு வசதி இருந்தால் அதைக் கேளுங்கள்.

வங்கிக் கணக்கில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லையென்றால் அது செயலற்ற கணக்காகிவிடும். புத்தகம் பீரோவில் பத்திரமாக இருப்பதால் கணக்கும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆதாரும் பான் அட்டையும் கொண்டுபோய்க் கே.ஒய்.சி. கொடுத்து, நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று கணக்கு வைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அரசு உதவித்தொகை, ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போய்ச் சேரும். "பணமே வரலை" என்று புலம்புகிறவர்களில் சிலருக்குப் பணம் வந்து மறந்துபோன கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும்.

பழைய பி.எஃப். எண் இருந்தால் மறைக்க வேண்டாம். "மூணு மாசம்தான் போனேன், அதை எதுக்குச் சொல்லணும்" என்று புது எண் வாங்கினால், பின்னால் இரண்டையும் ஒட்டவைக்க நாய் படாத பாடு. பழைய கம்பெனி வேலைவிட்ட தேதியைப் போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே இணையத்தில் பதிந்துகொள்ளலாம்.

சான்றிதழ்கள்: சாதி, வருமானம், கணவரால் கைவிடப்பட்டவர் என்ற சான்று எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பழங்குடியினர் சான்று மட்டும் தாசில்தாரிடம் முடியாது, கோட்டாட்சியர் வரை போகும். அதற்கு மாதங்கள் ஆகலாம் என்பதால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவைப் பற்றி இரண்டு மூடநம்பிக்கை உண்டு. பதிந்து வைத்தால் ஒருநாள் கார்டு வரும் என்பது ஒன்று. பதிவதே வீண் என்பது இன்னொன்று. அரசு வேலை இப்போது பெரும்பாலும் தேர்வு வழியாகத்தான். ஆனாலும் பதிவு வேண்டும், ஏனென்றால் வேலையில்லாதோர் உதவித்தொகை அதை வைத்துத்தான். பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், வயது 40க்குள் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45). பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூ 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று வருடத்துக்கு. மாற்றுத்திறனாளிக்குப் பதிந்து ஒரு வருடம் போதும்; பத்தாவது வரை 600, பிளஸ் டூ 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய், பத்து வருடம் வரை. சொற்பம்தான். ஆனால் உங்கள் பி.காம். தம்பிக்கு அது பஸ் செலவு. பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் பதிவு மூப்பு போய்விடும்.

2019இல் மாவட்டம் மூன்றானதை மறந்துவிடாதீர்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடி, அணைக்கட்டு வேலூரிலேயே இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களின் பதிவு திருப்பத்தூருக்கும், ஆற்காடு, அரக்கோணம்காரர்களுடையது இராணிப்பேட்டைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு கல்யாணமாகி இடம் மாறிய பெண்களுக்குப் பதிவு ஒரு மாவட்டத்திலும் ரேஷன் அட்டை இன்னொரு மாவட்டத்திலும் இருக்கும்.

அடுத்தது முதல் மாதம். இதைத்தான் எந்தப் பயிற்சி நிறுவனமும் பேசுவதில்லை. பீடிக்கு வாரக்கூலி. சூளையில் வாரம் செலவுக்காசு. ஆலையில் மாதச் சம்பளம். அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டக்கணக்கு. ஒருவர் 2ஆம் தேதி சேர்ந்தால் முப்பத்தைந்து நாள் வரை கையில் காசே வராது. அந்த முப்பத்தைந்து நாளில் பஸ், சாப்பாடு, செருப்பு, ஒரு நல்ல புடவை அல்லது சுடிதார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மாவுக்கு ஏதாவது. வாரக்குழுக் கடன்காரர் மட்டும் வாராவாரம் வந்து நிற்பார். மூன்றாம் வாரம் அந்தப் பெண் மறுபடி பீடி முறத்தை மடியில் வைத்துக்கொள்வதை "சோம்பேறித்தனம்" என்று சொல்வது சுலபம்.

ஆகவே சேரும் முன் இரண்டே தேதி கேளுங்கள்: வருகைக் கணக்கை எந்தத் தேதியில் முடிப்பீர்கள், சம்பளம் எந்தத் தேதி. சில இடங்களில் 20 அல்லது 25ஆம் தேதி கணக்கு முடியும், சில இடங்களில் மாதக்கடைசி. மாதக்கடைசியில் முடித்து 7ஆம் தேதி கொடுக்கும் இடத்தில் 18, 20 தேதிவாக்கில் சேர்ந்தால், பத்துப் பன்னிரண்டு நாள் சம்பளமாவது மூன்றே வாரத்தில் கைக்கு வரும். இடைப்பட்ட செலவுக்கு உங்கள் குழுவின் உள்கடனிலிருந்து கொடுங்கள். ஆனால் முழுத் தொகையையும் ஒரே நாளில் கொடுக்காமல் வாரம் ஒருமுறையாகக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் பழைய கடன்காரர் வாசனை பிடித்துவிடுவார்.

பிடித்தத்தையும் முன்னாலேயே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொண்டால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 90 ரூபாய். கைக்கு 10,470. இதைச் சொல்லாமல் அனுப்பினால் "பன்னெண்டு சொல்லிப் பத்துதான் குடுத்தான்" என்று முதல் சம்பளத்தோடு நின்றுவிடுவார்கள். முதலாளி பக்கமும் 12 சதவீதம் போடுகிறார் என்பதையும், இ.எஸ்.ஐ.யில் போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால் நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும், பிரசவத்துக்கு 26 வாரம் உண்டு என்பதையும் அப்போதே சொல்லுங்கள். கூடவே ஒரு வதந்தியையும் உடைக்க வேண்டும். பி.எஃப். பிடித்தால் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை நின்றுவிடும் என்று தெருவுக்குத் தெரு சொல்கிறார்கள். அதற்கான குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். மாதம் பன்னிரண்டாயிரம் வாங்கும் ஒரே ஆள் சம்பாதிக்கும் வீட்டில் வருடத்துக்கு 1,44,000தான் வரும்.

பஸ். பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில்தான். வெளியூர்ப் பேருந்தில் இல்லை. குடியாத்தத்திலிருந்து ஆம்பூர் போகும் வழியில் எந்த இடம்வரை எது ஓடுகிறது என்று ஒரு நாள் காலை ஆறு மணிக்கு நீங்களே நின்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கேட்டறிந்த தகவல் உதவாது. பல ஷூ கம்பெனிகள் வேன் அனுப்புகின்றன. வேன் எந்த முனையில் நிற்கும், ஓவர்டைம் நாளில் திரும்பக் கொண்டுவிடுவார்களா, வேனுக்குப் பிடித்தம் உண்டா என்று கேளுங்கள். காட்பாடி, அரக்கோணம் பக்கம் போகிறவருக்கு ரயில் சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் குடியாத்தம் ஸ்டேஷன் ஊரை விட்டுத் தள்ளி இருக்கிறது; அந்த ஆட்டோக் காசையும் சேர்த்துத்தான் கணக்கு.

பிள்ளைகள் இருந்தால் இடைவெளி நேரம்தான் பிரச்சினை. அம்மா ஏழு மணிக்கு வேன் ஏற வேண்டும். அரசுத் தொடக்கப்பள்ளியில் காலை உணவு அதற்குப் பிறகுதான். சோறு பள்ளியிலேயே கிடைப்பது பெரிய சுமைக்குறைவுதான், ஆனால் அந்த ஒரு மணி நேரம் பிள்ளை யாரோடு இருக்கும்? சாயங்காலமும் இதே கதை. தெருவில் வேலைக்குப் போக முடியாத வயதான ஒரு பாட்டியை நாலு வீட்டுக்குப் பொதுவாகப் பேசி வைத்தால், பாட்டிக்கும் வருமானம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். பெரிய கம்பெனியில் கேட்டுப் பாருங்கள்; கேட்டால்தான் இருக்கிறது என்றே சொல்வார்கள்.

இனி ஆளாளாக. சூளைத் தம்பதியை முதலில் எடுங்கள். அவர்களுக்கு இருப்பது வேலையின்மை அல்ல, வேலையிலிருந்து வெளியே வர முடியாமை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, அது கழியும்வரை வேறிடம் போகக்கூடாது என்று கட்டிப்போட்டால், அல்லது குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால், அது 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டப்படி அந்தக் கடனே ரத்து. நல்லெண்ணத்தில் குழுவிலிருந்து கடன் கொடுத்து அட்வான்ஸை அடைத்துவிடாதீர்கள்; சட்டம் தள்ளுபடி செய்த கடனை உங்கள் குழுவின் தலையில் ஏற்றிக்கொண்டதாக முடியும். மனுவைக் குடியாத்தம் கோட்டாட்சியரிடமோ திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் ஆட்சியரிடமோ கொடுங்கள். எத்தனை ஆயிரம் கல் அறுத்தார்கள் என்று குறித்த நோட்டு, அட்வான்ஸ் கொடுத்த தேதி, கொடுத்த மேஸ்திரியின் பெயர், குழந்தைகள் உடன் இருந்தால் அவர்கள் வயது: இவ்வளவும் மனுவில் வேண்டும். விசாரணையில் சூளைக்காரரை அருகில் நிறுத்திக்கொண்டு கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தனியாக விசாரிக்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். நீங்கள் கூட்டமாகச் சூளைக்குப் போய்ச் சத்தம் போட வேண்டாம். இரவோடு இரவாகக் குடும்பத்தையே வேறு சூளைக்கு மாற்றிவிடுவார்கள். கையில் வாங்க வேண்டியது விடுவிப்புச் சான்றிதழ். அது இருந்தால்தான் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை கேட்க முடியும். அதற்கு வழக்கில் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஜவ்வாது மலைப் பக்கம் இதே அட்வான்ஸ் வேறு உருவில் வருகிறது. மரம் வெட்டும் வேலை என்று சொல்லிப் புரோக்கர் ஆந்திராவுக்கு ஏற்றுவார். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லி ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள்; மலைவாழ் குடும்பத்தினர் பலர். எங்கே, யாரிடம், என்ன வேலை என்று சொல்லாமல் கையில் கத்தையாகப் பணம் திணிக்கிறவரை நம்பக்கூடாது.

பீடி சுற்றும் பெண்ணுக்கு ஷூ வேலை பொருந்தும். விரல் வேகமும் ஒரே வேலையை அலுக்காமல் செய்யும் பொறுமையும் ஏற்கெனவே இருக்கின்றன. ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். தோலை வெட்டுவது கட்டிங், விளிம்பைச் சீவி மெல்லிசாக்குவது ஸ்கைவிங், பசை தடவி மடித்துச் சுத்தியால் தட்டுவது ஃபோல்டிங், பிறகு ஸ்டிச்சிங், அச்சுக்கட்டையில் இழுத்துப் பொருத்துவது லாஸ்டிங், கடைசியில் ஃபினிஷிங். புதிதாகப் போகிறவரை டேபிள் வேலையில், நூல் வெட்டுவது, பசை தடவுவது, மடிப்பது போன்றவற்றில் உட்கார வைப்பார்கள். மெஷினுக்கு ஏறினால்தான் கூலி ஏறும்.

மெஷின் சோதனை எப்படி இருக்கும் என்று சொல்லி அனுப்புங்கள். நூல் கோக்காத ஊசியில், கோடு போட்ட காகிதத்தை ஓட்டச் சொல்வார்கள். நேர்கோடு, வளைவு, பிறகு மூலை. மூலையில் ஊசி காகிதத்துக்குள் இறங்கியிருக்கும்போது நிறுத்தி, பாதத்தைத் தூக்கி, திருப்பி, மறுபடி ஓட்ட வேண்டும். பயத்தில் முழுப் பாதத்தையும் பெடலில் அழுத்திவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. மோட்டார் மெஷின் பாய்ந்துவிடும். குதிகால் தரையில், விரல் நுனி மட்டும் பெடலில். வீட்டில் துணி தைத்துப் பழகியவருக்கும் ஒரு தடுமாற்றம் உண்டு. அங்கே மேடை தட்டையாக இருக்கும். இங்கே போஸ்ட் பெட் என்று தூண் மாதிரி எழும்பி நிற்கும், அப்பரை அதைச் சுற்றித் திருப்ப வேண்டும். துணியில் தப்பினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போன துளை மூடாது. தப்பான தையலைப் பிரித்தாலும் தழும்பு நிற்கும், அந்தத் துண்டு கழிவு. சூப்பர்வைசர் முதல் வாரம் எரிந்து விழுவதன் காரணம் இதுதான். தெரிந்து போனால் அழுதுகொண்டு திரும்பி வர வேண்டியதில்லை.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். கையில் ஊசியும் கறுப்பு நூலும் கொடுத்துக் கோக்கச் சொல்லுங்கள். கையை நீட்டி, தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்தால் அது வெள்ளெழுத்து. நாற்பதை நெருங்கும்போது தொடங்கிவிடும். சில நூறு ரூபாய்க் கண்ணாடியில் தீரும் விஷயம், கண்ணாடி இல்லாமல் போனால் "கை வரலை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பீடித்தூளால் இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் பசை டேபிள் வேண்டாம். முதலில் நெஞ்சைக் காட்டிவிட்டு, நூல் வெட்டும் இடமோ பேக்கிங்கோ கேளுங்கள். இன்னொன்று: உங்கள் தெருவில் உருது பேசுகிறவர்கள் இருந்தால் அதை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆலைகளில் அது உதவும். அதுவே ஹிந்தி அளவுக்கு நீண்டால் வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வரவேற்பு வேலைக்கும் ஆகும். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளோடு பேச ஆள் வேண்டும் அவர்களுக்கு. வீட்டில் பேசுகிற மொழி ஒரு தகுதி என்று நம்மவர்களுக்குத் தோன்றுவதே இல்லை.

பத்தாவது தவறிய பையன் இரண்டு காரியத்தையும் ஒன்றாகச் செய்யலாம். தவறிய கணக்கை மட்டும் துணைத் தேர்வில் எழுதலாம். 35 மதிப்பெண் போதும். அதற்காக ஐ.டி.ஐ.யைத் தள்ளிப்போட வேண்டாம். வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளுக்கு எட்டாவது தேறினாலே போதும். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியனுக்குத்தான் பத்தாவது. வெல்டர் ஒரே வருடம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. இராணிப்பேட்டையில் பி.எச்.இ.எல்.லும் அதைச் சுற்றிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளும் இருப்பதால் இந்தப் பக்கம் வெல்டருக்கு வேலை இல்லாமல் போகாது. ஆனால் ஐ.டி.ஐ. முடித்த கையோடு போகிறவர்கள் சோதனையில் விழுவது ஒரே இடத்தில். தகட்டைக் கீழே படுக்கவைத்துப் பற்றவைக்கப் பழகியிருப்பார்கள். பட்டறையில் 3ஜி, அதாவது நிமிர்த்தி நிறுத்திய தகட்டில் கீழிருந்து மேலே ஓட்டச் சொல்வார்கள். குழாய்க்கு 6ஜி, அதாவது சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றிப் பற்றவைப்பது. அதைப் பழக அப்ரண்டிஸாக ஒரு வருடம் இருப்பது நல்லது. வெர்னியர் காலிப்பரில் அளவு படிக்கத் தெரியாமல் போவது இன்னொரு அவமானம். அரை நாளில் கற்றுக்கொள்ளக் கூடியது.

"மூணு மாசக் கோர்ஸ், நூறு சதவீதம் வேலை" என்று ஸ்ரீபெரும்புதூருக்கும் ஓசூருக்கும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு பிடிப்பீர்கள், ஓர் அறையில் எத்தனை பேர், நைட் ஷிஃப்ட் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும், கம்பெனியா கான்ட்ராக்டரா? வேலை வாங்கித் தரப் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

பி.காம். தம்பிக்கு முதலில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. பழைய அடையாளப் புத்தகத்தை மட்டும் வைத்திருந்தால் போதாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மதிப்பீடு செய்துகொள்ளலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4 சதவீத இட ஒதுக்கீடு. அது அரசு வேலைக்குத்தான். தனியாரிடம் இதைச் சொல்லி உரிமை கேட்க முடியாது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக் கட்டணம் அவருக்கு இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்திலேயே போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிலும் வட்டம் நடக்கும், அதில் சேரட்டும். ஆனால் தேர்வையே நம்பி ஐந்து வருடம் உட்கார வேண்டாம்; இந்தப் பொறியில் ஊனமில்லாதவர்களும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்குவேலைக்கு "டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) தெரியும்" என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நேர்முகத்தில் ஒரு கட்டு பில்லைக் கொடுத்துப் பதியச் சொல்வார்கள். கொள்முதல் பில்லையும் செலவு பில்லையும் பிரிக்கத் தெரிய வேண்டும்; வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும்; ஜி.எஸ்.டி. வரிப் படிவங்களில் மாதம் 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். உங்கள் குழுக் கணக்கையே ஆறு மாதத்துக்கு அவரைக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். காட்ட ஒரு வேலை கிடைக்கும்.

அவருக்கு உண்மையான தடை மாடிப்படி. வேலூரில் ஆடிட்டர் அலுவலகம் பாதி லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடியில். நேர்முகத்துக்கு முன்பே போனில் கேட்டுவிடுவது நல்லது: எந்த மாடி, கழிவறை அதே தளத்திலா, நாளுக்கு எத்தனை முறை வங்கிக்குப் போக வேண்டும்? "என்னால் முடியும் சார்" என்று மொட்டையாகச் சொல்வதைவிட, "உட்கார்ந்து எட்டு மணி நேரம் வேலை செய்வேன், வங்கிக்குப் போவதை வேறொருவர் பார்த்துக்கொண்டால் அவருடைய பதிவு வேலையை நான் சேர்த்துச் செய்கிறேன்" என்று மாற்று சொல்லும்போது முதலாளியின் முகம் மாறும். காலில் மாட்டும் காலிப்பர் பழையதாகி அறுக்கிறது என்றால் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையத்தில் காட்டட்டும். விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய மேரி வர்கீஸின் பெயரைத் தாங்கிய இடம் அது, 1966இலிருந்து நடக்கிறது. காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் 1963 முதல் மாற்றுத்திறனாளிகளுக்குப் பட்டறைத் தொழில் கற்றுக்கொடுத்து, அவர்களையே வேலைக்கும் வைத்துக்கொள்கிறது. கணக்கில் மனம் ஒட்டவில்லை என்றால் அங்கே விசாரிக்கலாம்.

சிறையிலிருந்து வந்தவரிடம், உள்ளே என்ன வேலை செய்தார் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேலூர் சிறையில் காவல்துறைக்கான ஷூ தயாராகிறது. அந்தப் பிரிவில் இருந்திருந்தால் அவர் லாஸ்டிங் தெரிந்த ஆள், ஆம்பூரில் அதற்கு மதிப்புண்டு. வழக்கில் விடுதலையானவரென்றால் தீர்ப்பு நகலை எப்போதும் கையில் வைத்திருக்கட்டும். தண்டனை முடித்தவரென்றால் நன்னடத்தை அலுவலரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆலையில் கேட்டால் மறைக்க வேண்டாம். கேட்காத இடத்தில் வாசலிலேயே சொல்லிக்கொண்டு நுழையவும் வேண்டாம். பெரிய கம்பெனிகளைவிடச் அவற்றுக்குக் கூலிக்குச் செய்து தரும் சிறிய ஜாப்-வொர்க் யூனிட்டுகள் சுலபம், ஏனென்றால் அங்கே முதலாளியே ஆளைப் பார்த்து முடிவெடுப்பார். முதல் முறை நீங்கள் கூடப் போங்கள். குழுத் தலைவி ஒருவர் பக்கத்தில் நிற்பது எந்தச் சான்றிதழையும்விட அங்கே எடுபடும்.

சேர்த்துவிட்டதோடு விடாதீர்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் முதல் சம்பளத்தன்றும் போய்ப் பாருங்கள். "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும், மறுநாள் நின்றுவிடுவார். இன்றைக்கு வேன் எத்தனை மணிக்கு வந்தது, மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள், எந்த மெஷினில் போட்டிருக்கிறார்கள், பிள்ளை எத்தனை மணிவரை தனியாக இருந்தது, வாரக் கடன்காரர் வந்தாரா என்று கேளுங்கள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னால், அதே ஆலைக்குப் போகும் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியை அன்று மாலையே தேடிப் பிடியுங்கள்.